யார் செய்த படம்? வகுப்பறை ஸ்லைடின் வரலாறு

பள்ளி மாணவர் ஒருவர் தம் செயல்திட்டத்தைக் கணினியில் ஸ்லைடுகளாகத் தொகுத்து, திரையில் விழும் ஒளியின் அருகே நின்று விளக்குவது இன்று எவரையும் வியக்கவைக்காத காட்சியாகிவிட்டது. ஆயினும் அதில் ஒன்றிக் கிடக்கும் மூன்று வேலைகள், அதாவது படத்தை ஆக்குதல், அதைத் திரையில் காட்டுதல், அதைப் பற்றிப் பேசுதல் ஆகியவை, நெடுங்காலம் வெவ்வேறு கைகளில் இருந்தவை. அவை படிப்படியாக இடம்பெயர்ந்து மாணவரிடம் வந்து சேர்ந்த விதமே வகுப்பறை ஸ்லைடின் வரலாறு.

ஸ்லைடு, அதாவது படவில்லை, என்னும் பெயர் கணினிக்கு முற்பட்டது. கண்ணாடித் தகட்டில் தீட்டிய சித்திரத்தின் ஊடாக விளக்கொளியைச் செலுத்தி, வில்லையால் பெரிதாக்கிச் சுவரில் வீழ்த்தும் மாயவிளக்கை டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-இல் உருவாக்கினார். பொழுதுபோக்குக் கருவியாகப் பரவிய அது, 19-ஆம் நூற்றாண்டில் ஒளிப்படத்தைக் கண்ணாடியில் பதிக்கும் முறை வந்தபின் கல்விக்கும் உரியதாயிற்று. அமெரிக்காவின் கீஸ்டோன் வியூ நிறுவனம் பள்ளிகளுக்கென்றே படத்தொகுதிகளைத் தயாரித்து விற்றது. பிரிட்டனில் 1902-இல் அமைந்த குடியேற்ற அலுவலகக் காட்சிவழிக் கல்விக் குழு, பேரரசின் நாடுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்களால் அறிமுகப்படுத்த முனைந்து, ஹியூ ஃபிஷர் என்னும் ஓவியரை 1907-இல் பயணத்துக்கு அனுப்பியது. அக்குழுவுக்காகப் புவியியலாளர் ஹால்ஃபோர்ட் மேக்கிண்டர் எழுதி 1910-இல் வெளிவந்த இந்தியாவைப் பற்றிய எட்டு விரிவுரைகளுள் முதலாவது, சென்னை மாகாணத்தையும் இந்து சமயத்தையும் பொருளாகக் கொண்டது. இந்த ஏற்பாட்டில் படம் எடுத்தவர் ஒருவர், உரை எழுதியவர் வேறொருவர், இருட்டறையில் அதை வாசித்துக் காட்டிய ஆசிரியர் மூன்றாமவர். மாணவருக்கோ பார்க்கும் வேலை மட்டுமே இருந்தது.

படத்தை ஆக்கும் வேலையை ஆசிரியரிடம் கொண்டுவந்தது ஓவர்ஹெட் புரொஜெக்டர். ஒளிபுகும் தாளைக் கிடையாக வைத்து, அதில் எழுதியதை மேலே உள்ள ஆடியின் வழியாகத் திரையில் காட்டும் இக்கருவியை, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகள் பயிற்சிக்குப் பயன்படுத்தின. 1960களில் த்ரீ எம் போன்ற நிறுவனங்கள் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றன. 1961-இல் வெளிவந்த கோடாக் கரோசல் என்னும் ஸ்லைடு புரொஜெக்டர், வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகளை அடுக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. எனினும் அதற்கு ஒளிப்படக் கூடத்தில் பதப்படுத்திய படச்சுருளும் இருட்டறையும் தேவைப்பட்டன. ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கு முன்னால் நின்ற ஆசிரியராலோ, வெளிச்சமான அறையில், மாணவரின் முகத்தைப் பார்த்தபடியே, தம் கையெழுத்தைத் திரையில் ஏற்ற முடிந்தது.

கணினி ஸ்லைடு இந்த ஒளிபுகும் தாளிலிருந்துதான் பிறந்தது. கலிபோர்னியாவின் ஃபோர்தாட் நிறுவனத்தில் 1984-இல் சேர்ந்த ராபர்ட் காஸ்கின்ஸ், அலுவலகங்களில் ஒளிபுகும் தாள்களைத் தயாரிக்கச் செலவாகும் உழைப்பைக் கண்டு, அதற்கென ஒரு மென்பொருளுக்குத் திட்டம் வரைந்தார். கருத்துக்கு உரியவரே தம் ஸ்லைடுகளையும் ஆளவேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படையாக இருந்தது. டென்னிஸ் ஆஸ்டின் முதன்மையாக நின்று நிரலெழுத, முதலில் ‘பிரசென்டர்’ என்றிருந்த பெயர் வணிகக் குறிச் சிக்கலால் ‘பவர்பாயின்ட்’ என மாற, 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்கு மட்டும் வெளிவந்த முதல் பதிப்பு, கறுப்பு வெள்ளைப் பக்கங்களை ஒளிபுகும் தாளுக்காக அச்சிட்டுத் தரும் கருவியாகவே இருந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து ஃபோர்தாட்டை வாங்கியது. 1990-இல் விண்டோஸ் பதிப்பும், 1992-இல் கணினியிலிருந்து புரொஜெக்டருக்கு நேரே காட்சியை அனுப்பும் மூன்றாம் பதிப்பும் வந்தன. வேர்டு, எக்செல் ஆகியவற்றோடு ஒரே தொகுப்பாக விற்கப்பட்டதால், கணினி நுழைந்த பள்ளிகளில் பவர்பாயின்டும் தானாகவே நுழைந்து, மாணவர் கைக்கும் வந்தது.

இவ்வாறு மூன்று வேலைகளும் மாணவரிடம் சேர்ந்தபோது, அவற்றின் வடிவம் மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது. மேலே தலைப்பும் கீழே புள்ளியிட்ட சிறுதொடர்களும் கொண்ட ஸ்லைடு, விற்பனையாளரும் மேலாளரும் கூட்டங்களில் கையாண்ட வடிவமாகும். 1990களில் சேர்க்கப்பட்ட ‘ஆட்டோகன்டென்ட் விசார்டு’ என்னும் வசதி, பேச்சின் வகையைத் தேர்ந்தெடுத்தவுடன் ஸ்லைடுகளின் வரிசையையும் அவற்றில் நிரப்பவேண்டிய குறிப்புகளையும் தானே வகுத்துத் தந்து, 2007 பதிப்பில்தான் கைவிடப்பட்டது. தரவுக் காட்சியியல் அறிஞர் எட்வர்ட் டஃப்டி 2003-இல் எழுதிய திறனாய்வில், தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒரு வாரம் உழைத்து ஆக்கும் மூன்று முதல் ஆறு ஸ்லைடுகளில் மொத்தம் ஏறத்தாழ 80 சொற்களே இருக்கும் என்றும், முழு வாக்கியங்களில் கட்டுரை எழுதவேண்டிய பிள்ளைகள் வாடிக்கையாளரை வசப்படுத்தும் விளம்பர முறையைக் கற்கின்றனர் என்றும் கடிந்தார்.

தமிழில் ஸ்லைடு செய்தவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் எழுத்துகளைப் பொருத்திய பழைய எழுத்துருக்களில் ஆக்கிய ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றியது. தமிழுக்கெனத் தனிக் குறியெண்களைத் தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. மறு ஆண்டில் பள்ளி மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. பின்னர்ப் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடத்தில், விலையின்றிக் கிடைக்கும் ஓப்பன் ஆபிஸ் தொகுப்பின் இம்ப்ரெஸ் இடம்பெற, ஸ்லைடு ஆக்குவது தேர்வுக்குரிய பாடமாகவும் இருந்தது.

மாயவிளக்குக் காலத்தோடு ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படும். மேக்கிண்டரின் விரிவுரையில் சொற்கள் தாளிலும் படங்கள் திரையிலும் இருந்தன. பள்ளி ஸ்லைடிலோ சொற்கள் திரைக்கு ஏற, படம் அவற்றின் ஓரத்தில் அலங்காரமாய் ஒதுங்க, பேசவேண்டிய மாணவர் திரும்பி நின்று திரையை வாசிப்பவரானார். செயல்திட்டத்தின் கட்டுரையைத் தாளில் முழு வாக்கியங்களாக எழுதச் செய்து, ஸ்லைடில் படத்தையும் வரைபடத்தையும் மட்டும் வைக்கச் சொல்லும் ஆசிரியர், நூறாண்டுக்கு முந்தைய அந்தப் பிரிவினையையே மீட்கிறார். அன்று லண்டனிலிருந்து வந்த உரை, இம்முறை மாணவரே எழுதியதாக இருக்கும்.