துணையணுவின் வரலாறு



நம் குருதியில் வெள்ளணுக்கள் உண்டு என்பதையும், நோய்க்கிருமிகள் உட்புகும்போது அவற்றை எதிர்த்து நிற்பவை அவையே என்பதையும் நீங்கள் பாடநூலிற் படித்திருப்பீர்கள். அவ்வணுக்களுள் ஒரு பிரிவுக்கு டி அணு என்று பெயர். டி அணுக்களுள்ளும் கொல்லும் அணு, துணை அணு எனப் பெரும்பிரிவுகள் உள்ளன. மேனாட்டார் ஹெல்ப்பர் டி செல் என்று வழங்குவதையே துணையணு என்கிறேன். புற்றுநோயை எதிர்ப்பதில் இத்துணையணுவின் பங்கு யாது என்பதை மருத்துவ உலகம் எவ்வளவு காலங்கடந்து உணர்ந்தது என்பதே இன்று நான் சொல்லவந்த செய்தி.

வெளியிலிருந்து வரும் கிருமியை உடல் அயலான் என்று கண்டுகொள்கிறது. ஆனால், புற்றுநோய் அணுவோ நம் சொந்த அணு கெட்டுத் திரிந்தது. வீட்டிற் பிறந்த பிள்ளையே திருடனானால் காவல்நாய் குரைக்குமா? இந்த ஐயம் அறிஞர்களை நெடுங்காலம் வாட்டியது.

நியூயார்க் நகரில் வில்லியம் கோலி என்னும் இளம் அறுவை மருத்துவர் இருந்தார். பதினேழு வயதுப் பெண்ணொருத்திக்குக் கையில் சார்க்கோமா என்னும் புற்று தோன்றியது. கோலி கையைத் துண்டித்துப் பார்த்தார், பயனில்லை. 1891ஆம் ஆண்டு சனவரியில் அப்பெண் இறந்தாள். மனம் ஆறாத கோலி மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டலானார். ஏழாண்டுகளுக்கு முன் கழுத்துக் கட்டியோடு வந்த ஓர் ஏழைத் தொழிலாளியைப் பற்றிய குறிப்பு அவற்றில் இருந்தது. அறுவைக்குப் பின், தோல் சிவந்து வீங்கிக் கடுங்காய்ச்சல் தரும் எரிசிபலாஸ் நோய் அவனைப் பற்றியது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் மறைந்திருந்தது. கோலி அந்நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் அலைந்து அவனைத் தேடினார். உயிரோடு, நலத்தோடு கண்டார்!

அதன்பின் கோலி அந்நோயின் கிருமிகளையே புற்றுநோயாளிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். பின்னர், கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு ஒரு மருந்து செய்தார். சிலர் பிழைத்தனர், பலர் பிழைக்கவில்லை. மருந்தின் வலிமையும் முறைக்கு முறை வேறுபட்டது. எக்ஸ் கதிர் மருத்துவம் வந்ததும் அவர் முறை ஒதுக்கப்பட்டது. இதில் அவரை ஐயுற்றவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கட்டி ஏன் மறைந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லையே! அதைச் சொல்லத் தேவையான உறுப்பின் பயனை அன்று எவரும் அறிந்திலர்.

அவ்வுறுப்பு மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி. இறந்துபடும் அணுக்களின் இடுகாடு என்றே அது கருதப்பட்டது. 1961ஆம் ஆண்டு இலண்டனில் ழாக் மில்லர், சுண்டெலிகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறந்த குட்டிகளின் தைமஸை அகற்றியபோது, அவை கிருமிகளுக்கு எளிதில் இரையாயின. வேற்று எலியின் தோலை ஒட்டினாலும் தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. இடுகாடு என்று எண்ணிய இடம் பயிற்சிக்கூடம் என்று தெரிந்தது. டி என்னும் எழுத்தே தைமஸின் முதலெழுத்துத்தான். 1968ஆம் ஆண்டில் மெல்போர்னில் மில்லரும் அவர் மாணவர் மிட்செலும் மற்றொன்று கண்டனர்: எதிர்ப்பொருளைச் செய்பவை எலும்பு மச்சையிலிருந்து வரும் அணுக்கள், ஆனால், தைமஸ் அணுக்களின் துணையின்றி அவை அதனைச் செவ்வனே செய்வதில்லை. துணை என்னும் பெயர் இவ்வாறு வந்தது. கொல்லும் அணுவும் துணையணுவும் வெவ்வேறு கிளையினர் என்பதை 1975இல் கேன்டரும் பாய்சும் எலிகளில் நிறுவினர்.

பெயர் வைப்பதில் ஓர் இடர் உண்டு. வகுப்பில் ஒருவனைத் 'துணைத் தலைவன்' என்று குறித்துவிட்டால், அவன் எத்துணை வேலை செய்தாலும் ஒருவர் கண்ணிலும் படமாட்டான். இதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். துணையணுவுக்கும் அதுவே நேர்ந்தது. புற்றுநோய் ஆராய்ச்சியில் கொல்லும் அணுவே பெருமை பெற்றது. இதற்குத் தக்க காரணமும் இருந்தது. நம் அணுக்கள் தம்முள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஒருவகைத் தாங்கியில் ஏந்திக் காட்டுகின்றன. முதல்வகைத் தாங்கி ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் உண்டு. அதைப் படிப்பது கொல்லும் அணு. இரண்டாம் வகைத் தாங்கி காவற்பணி செய்யும் சில அணுக்களுக்கே உரியது. அதைப் படிப்பது துணையணு. பெரும்பாலான புற்றணுக்களிடம் இந்த இரண்டாம் வகை இல்லை. தன் கண்ணுக்கே தெரியாத பகைவனோடு துணையணு எவ்வாறு பொருதும் என்று கேட்டனர்.

1981ஆம் ஆண்டு ஒரு கொடிய பாடத்தைக் கொணர்ந்தது. அமெரிக்காவில் இளம் ஆடவர் சிலருக்கு, முதியவர்களிடமே அரிதாகக் காணப்படும் கபோசி சார்க்கோமா என்னும் புற்று தோன்றியது. எய்ட்ஸ் நோயின் தொடக்கம் அது. அந்நோயின் வைரசு அழிப்பது பெரும்பாலும் துணையணுக்களையே. இதிலிருந்து எல்லாப் புற்றுகளையும் துணையணுவே தடுக்கிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. கபோசி புற்றுக்கு வேறொரு வைரசு காரணம் என்பது 1994இல் தெரிந்தது. எனினும், துணையணு மறைந்த வீட்டில் கொல்லும் அணு மட்டும் இருந்து பயனில்லை என்பது விளங்கிற்று.

அது எங்ஙனம்? 1998ஆம் ஆண்டு ஒரே ஆய்விதழில், ஒரே நாளில், மூன்று குழுவினர் விடை தந்தனர். உடலில் கிளைகள் பரப்பிய வடிவுடைய அணுக்கள் உள்ளன. அவை சிதைந்த புற்றணுவின் துணுக்குகளைப் பொறுக்கியெடுத்து இரண்டாம் வகைத் தாங்கியில் ஏந்துகின்றன. துணையணு அதைப் படித்துக் கிளையணுவைத் தொட்டு உசுப்புகிறது. உசுப்பப்பட்ட கிளையணுவே கொல்லும் அணுவைக் களத்திற்கு அனுப்பும் வல்லமை பெறுகிறது. ஆகவே, துணையணு புற்றணுவைக் காணவேண்டுவதே இல்லை!

எலியிற் கண்டது மனிதரிடம் பலிக்குமா? 2008ஆம் ஆண்டு சியாட்டில் நகர மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். மெலனோமா என்னும் தோற்புற்று நுரையீரல்வரை பரவிய 52 வயது நோயாளி ஒருவரின் குருதியிலிருந்து, புற்றின் ஒரு புரதத்தை மட்டும் அறியும் துணையணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் 500 கோடியாகப் பெருக்கி, அவர் உடலிலேயே செலுத்தினர். வேறு மருந்து கொடுக்கவில்லை. இரண்டு மாதங்களில் கட்டிகள் மறைந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பவில்லை. இதில் ஒரு வியப்பு உண்டு. அப்புரதம் அவர் புற்றணுக்கள் எல்லாவற்றிலும் இருக்கவில்லை. அவ்வாறிருந்தும் அனைத்தும் அழிந்தன. செலுத்திய அணுக்கள், அவர் உடலில் உறங்கிக் கிடந்த வேறு டி அணுக்களையும் எழுப்பிவிட்டன என்று சோதனை காட்டியது.

2014இல் பெதஸ்தா நகரின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினரின் செய்தி வந்தது. நாற்பதைக் கடந்த பெண்மணி ஒருவரின் பித்தநாளப் புற்று, ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. அப்புற்றின் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்ததில் புரதத்தை மாற்றும் 26 பிழைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றே ஒன்றை அவருடைய துணையணுக்கள் அடையாளம் கண்டிருந்தன. முதன்முறை செலுத்திய அணுக்களில் அத்தகையவை ஏறத்தாழக் கால்பங்கு. நோய் ஓராண்டுக்கு மேல் கட்டுப்பட்டு, மீண்டும் வளர்ந்தது. இரண்டாம் முறை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அத்தகைய அணுக்களாகவே செலுத்தினர். கட்டிகள் மறுபடியும் சுருங்கின. காவல்நாய் குரைக்குமா என்று முன்னே கேட்டோம். அது குரைத்துக்கொண்டுதான் இருந்தது. அதன் குரல் எட்டாத அளவுக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது.

துணையணுவின் குடும்பத்திலேயே எதிர்வேலை செய்பவையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1995இல் ஜப்பானியர் சகாகுச்சி, பிற டி அணுக்களை அடக்கிவைக்கும் ஒரு வகையைக் கண்டார். உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாமல் காப்பது அதன் கடமை. ஆனால், புற்றுக்கட்டி அதனைத் தன்பால் ஈர்த்துக் கேடயமாக்கிக்கொள்கிறது. இவ்வகை அணு பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கும் அமெரிக்கர் இருவருக்கும் 2025ஆம் ஆண்டு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எனவே, துணையணுக்களைப் பெருக்குவோர் எந்த வகையைப் பெருக்குகிறோம் என்று பார்த்துப் பெருக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. 2010ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் இரத்தப் புற்றுநோயாளர் மூவருக்கு, அவர்களுடைய டி அணுக்களையே எடுத்து, புற்றணுவை அறியும் புதிய ஏற்பியைப் பொருத்தித் திரும்பச் செலுத்தினர். இருவரிடம் நோய் அடையாளமின்றி மறைந்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவ்வணுக்கள் அவர்கள் குருதியில் இருந்தன. அவை எவ்வகையின என்று பிரித்துப் பார்த்து 2022இல் வெளியிட்டனர். கொல்லும் அணுக்களே மிகுந்திருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். எஞ்சியிருந்தவற்றுட் பெரும்பாலானவை துணையணு இனத்தைச் சேர்ந்தவை. கொல்லும் தொழிலையும் அவை கற்றிருந்தன.