சொண்டெட் கிராமத்துச் சொத்துக் கதை

பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, இயந்திரத்துக்கு உண்டு, மேஜை நாற்காலிக்குக்கூட உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது. "ஏன் சார்?" என்று கேட்டால், "நிலம் எங்கேப்பா தேயப் போகுது?" என்று பதில் வரும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்தோனேசியாவில் ஒரு கிராமத்தின் கதையைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கிராமத்தின் பெயர் சொண்டெட்.

இன்று வரைபடத்தில் தேடினால் அது கிழக்கு ஜகார்த்தாவுக்குள், சிலிவுங் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் பழத்தோட்டம். பாம்புத் தோல் போல செதில் செதிலாகத் தோல் கொண்ட சலாக் பழமும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும் டுக்கு பழமும்தான் ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை. மெலிஞ்சோ என்ற கொட்டையை வறுத்து, ஓடு நீக்கி, தட்டையாகத் தட்டி, வெயிலில் காயவைத்து 'எம்பிங்' என்ற வற்றல் செய்வது வீட்டுத் தொழில். இங்கே வாழ்ந்தவர்கள் பெத்தாவி மக்கள். டச்சுக்காரர்கள் ஜகார்த்தாவுக்கு வைத்த பெயர் படேவியா. அந்த நகரத்திலும் அதைச் சுற்றியும் பல இனங்கள் கலந்து உருவான சமூகம் என்பதால் பெத்தாவி என்ற பெயர்.

சரி, இந்தத் தோட்டங்கள் யாருக்குச் சொந்தம்? மரம் வைத்தவனுக்குத்தானே என்று நினைப்போம். இல்லை!

டச்சு ஆட்சியில் படேவியாவைச் சுற்றி இருந்த நிலங்கள் பெரிய பெரிய துண்டுகளாகத் தனியாருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் ஐரோப்பியர்கள் உண்டு, சீனர்கள் உண்டு, அரபு வம்சாவளியினரும் உண்டு. வாங்கியது வெறும் மண்ணை மட்டும் அல்ல. அந்த மண்ணில் குடியிருந்தவர்களிடம் விளைச்சலில் பங்கு வாங்கும் உரிமை, கூலி இல்லாமல் வேலை வாங்கும் உரிமை எல்லாம் சேர்ந்தே கைமாறின. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு ஜமீனை உள்ளே இருக்கும் ஜனங்களோடு கிரயம் செய்த மாதிரி.

பங்கு கொடுக்க முடியாத விவசாயிகளை நில உடைமையாளர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். தீர்ப்பு வந்தால் வீட்டில் இருப்பது ஜப்தி. இந்த ஜப்திகள்தான் 1916ல் வெடித்தன. எந்தோங் கெண்டுட் என்பவர் தலைமையில் சொண்டெட் விவசாயிகள் திரண்டார்கள். அந்த ஏப்ரல் மாதம், பண்ணை முதலாளியின் மாளிகையில் நடந்த கூத்தை நிறுத்தினார்கள். சில நாட்களிலேயே எந்தோங் கெண்டுட் சுட்டுக் கொல்லப்பட்டார், கிளர்ச்சி அடங்கியது. பெத்தாவி மக்கள் இன்றும் அவரை ஒரு வீரராகவே நினைவு வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு நாடு சுதந்திரம் பெற்றது. 1958ல் வந்த சட்டம் இந்தத் தனியார் பண்ணைகளை ஒழித்தது. 1960ல் வந்த அடிப்படை நிலச் சட்டம், டச்சுக்கால நிலச் சட்டத்தையும் ஊர் வழக்கத்தில் இருந்த உரிமைகளையும் ஒரே முறைக்குள் கொண்டுவர முயன்றது. இனி முழு உரிமைக்குப் பெயர் 'ஹக் மிலிக்'. அதற்குப் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கிராமத்தில் பலர் கையில் இருந்தது 'கிரிக்' என்ற காகிதம். அது நிலவரி கட்டியதற்கான அத்தாட்சி. உரிமைப் பத்திரம் அல்ல. சான்றிதழ் வாங்க அலையணும், அளக்கணும், செலவு செய்யணும். "அப்பா இருந்தார், தாத்தா இருந்தார், ஊருக்கே தெரியும், எதுக்குக் காகிதம்?" என்று இருந்துவிட்டவர்கள் ஏராளம். ஊருக்குள் எல்லோரும் தெரிந்தவர்களாக இருக்கும் வரை அது சரி. வெளியாள் வாங்க வரும்போதுதான் காகிதத்தின் அருமை தெரியும். கிரிக் மட்டும் இருக்கும் நிலம் மலிவாகப் போகும். அதை வைத்து வங்கியில் கடன் வாங்குவதும் கஷ்டம்.

வெளியாட்கள் வந்தார்கள். 1961 கணக்கெடுப்பில் ஜகார்த்தாவின் மக்கள்தொகை சுமார் 29 லட்சம். 1971ல் சுமார் 45 லட்சம். 1980ல் சுமார் 65 லட்சம். இருபது வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! இத்தனை பேருக்கும் வீடு வேண்டுமே. 1978ல் நாட்டின் முதல் கட்டணச் சாலையான ஜகோராவி, சொண்டெட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே திறக்கப்பட்டது. அந்தப் பக்கம் நிலத்தின் விலை எப்படி ஏறியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1966 முதல் 1977 வரை ஜகார்த்தாவின் ஆளுநர் அலி சடிக்கின். நகரத்தைப் புது நகரமாக மாற்றியவர் என்று பேர் எடுத்தவர். 1970களின் நடுவில் அவரது நிர்வாகம் சொண்டெட்டைப் பெத்தாவி பண்பாட்டையும் பழத்தோட்டங்களையும் காக்கும் பகுதியாக அறிவித்தது. இஷ்டத்துக்குக் கட்டடம் கட்டவும் மரம் வெட்டவும் கட்டுப்பாடு வந்தது. நல்ல எண்ணம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வணிகவியல் மாணவனாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு பக்கம், பக்கத்து ஊரில் நிலத்தை மீட்டர் கணக்கில் விற்று ஒரே நாளில் வரும் பணம். இன்னொரு பக்கம், சலாக் விற்று வரும் பணம். தோட்டத்தை அப்படியே வைத்திருந்தால் நகரத்துக்கு நிழல் கிடைக்கிறது, பெருமை கிடைக்கிறது. அந்த நிழலுக்கான செலவு யார் தலையில்? தோட்டக்காரன் தலையில். எங்கள் பாடத்தில் இதற்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர். அதை ஈடுகட்ட அவருக்கு நிலையான வருமானம் எதுவும் ஏற்பாடாகவில்லை. பாதுகாப்பு அறிவிப்பு காகிதத்தில் இருந்தது, பசி வீட்டில் இருந்தது.

அதனால் விற்றார்கள். அப்பா காலமானால் நிலம் பிள்ளைகளுக்குள் பாகமாகும். துண்டு சிறிதாகும், சிறிய துண்டில் தோட்டம் கட்டுப்படியாகாது. கல்யாணம், ஹஜ் யாத்திரை, பிள்ளைகளின் படிப்பு என எல்லாவற்றுக்கும் கையில் இருந்த ஒரே சொத்து நிலம்தான். பெத்தாவிக்காரர்கள் நிலத்தை விற்று ஹஜ் போனவர்கள் என்று கேலியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கேலி செய்ய எதுவும் தெரியவில்லை. வாழ்நாள் கடமை என்று நம்பியதை, இருந்த சொத்தைக் கொண்டு நிறைவேற்றினார்கள். விற்றவர்களில் பலர் நகரத்தின் விளிம்பை நோக்கி இன்னும் தள்ளிப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1989ல் சொண்டெட் சலாக், செம்பருந்தோடு சேர்ந்து ஜகார்த்தாவின் அடையாளச் சின்னமானது. மரங்கள் குறைந்துகொண்டே வந்த நேரத்தில் சின்னம் வந்தது. பெத்தாவி பண்பாட்டுக் கிராமம் என்ற தகுதியும் பிறகு தெற்கு ஜகார்த்தாவில் சிது பபாகான் ஏரிப் பகுதிக்குப் போய்விட்டது. இன்று சொண்டெட் நெருக்கமான நகர்ப்பகுதி. மிச்சமிருக்கும் சலாக் மரங்கள் பலேகம்பாங் பக்கம் ஆற்றோரத்தில் கொஞ்சம்.

இதைப் படித்துவிட்டு என் நண்பன் ஒருவனிடம் சொன்னேன். "விற்றவன் காசு பார்த்தான், இதில் என்னடா சோகம்?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1916ல் அவர்களுக்கு நிலத்தின் மேல் உரிமையே இல்லை. 1970களில் உரிமை இருந்தது, ஆனால் இஷ்டப்படி அனுபவிக்க முடியாது. கடைசியில் முழுதாகக் கிடைத்தது விற்கும் உரிமை ஒன்றுதான். விற்காமல் இருப்பதற்கும் வசதி வேண்டும் இல்லையா? அந்த வசதியை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மரங்களுக்காக நகரம் வருடா வருடம் ஒரு தொகை கொடுத்திருந்தால், சிலராவது நின்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இது முடிந்த கதையும் அல்ல. 2021ல் வந்த அரசு விதி, கிரிக் போன்ற பழைய காகிதங்களைக் காட்டி நிலத்தைப் பதிவு செய்துகொள்ள ஐந்து வருட அவகாசம் கொடுத்தது. அதற்குப் பிறகு அவை உரிமைக்கு ஆதாரம் ஆகாது. சொண்டெட்டின் பாடத்தை, நகரங்கள் நெருங்கிக்கொண்டிருக்கும் மற்ற கிராமங்கள் இப்போது படிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சார் சொன்னது சரிதான், நிலம் தேயவில்லை. சொண்டெட்டில் அதே நிலம் அதே இடத்தில்தான் இருக்கிறது, விலை பல மடங்கு ஏறி. அதன் மேல் வாழ்ந்தவர்கள்தான் அங்கே இல்லை. அந்தக் கழிவை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று மட்டும் இன்னும் எனக்குச் சொல்லித் தரவில்லை.