ஒரு வீட்டில் மூன்று போர்வைகள்

எங்கள் வீட்டில் போர்வை என்று எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை. அம்மாவின் பழஞ்சேலை ரெண்டு, அப்பாவின் கிழிந்த வேட்டி ஒன்று. அடுக்கிப் போட்டு ஓரம் பிடித்து நூல் ஓட்டினால் அதுதான் மழைக்காலத்துக்கு. ஒன்று தைத்து முடியும் முன்பே இன்னொன்று கிழிந்து கைக்கு வந்துவிடும். பாதி தைத்தது பானை மேல் ஒன்று, கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ஒன்று என்று எப்போதும் ரெண்டு மூணு கிடக்கும். "எதைத்தான் முழுசா முடிச்ச நீ?" என்பார் அப்பா. "எனக்கு எந்தப் பொழுது முழுசாக் கெடச்சிச்சு?" என்பாள் அம்மா. களத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடைத்த துண்டுப் பொழுதில் துண்டுத் துணியைத் தைத்தவள் அவள். நான் எம்.ஏ. தமிழ் படித்த வகுப்பில் பட்டையும் கலிங்கத்தையும் பற்றி நிறையப் பேசினார்கள். ஒட்டுத்துணியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது தரித்திரம்; பாடம் அல்ல.

இப்போது ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது வசதியுள்ள வீடுகளின் பொழுதுபோக்காகிவிட்டது. நாலைந்து போர்வைகளை ஒரே சமயத்தில் ஆரம்பித்து மாற்றி மாற்றித் தைப்பதைப் பெருமையோடு சொல்கிறார்கள். பொழுது இருக்கிறவர்கள் போக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பொழுதே இல்லாதவர்கள் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் பல போர்வைகள் தைத்த வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்களுடைய வரலாறு அது.

அலபாமா எங்கே, நாம் எங்கே என்று தோழர்கள் கேட்கலாம். ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி'யை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. இந்த உறவெல்லாம் புத்தகத்தாலும் கடிதத்தாலும் மேடையாலும் உண்டானது. ஊசி பிடித்த கைகள் இதற்குள் வரவில்லை. அந்தக் கைகளை இனியாவது நாம் படிக்க வேண்டும்.

ஜீஸ் பெண்ட், அலபாமா ஆற்றின் ஒரு வளைவுக்குள் இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். 1816இல் ஜோசப் ஜீ என்ற வெள்ளைக்காரர் அங்கே பருத்திப் பண்ணை போட்டார். 1845இல் அந்தப் பண்ணை மார்க் பெட்வே என்ற இன்னொருவர் கைக்குப் போனது. அவர் வட கரோலினாவிலிருந்து சுமார் 100 அடிமைகளை நடத்தியே கூட்டிவந்தார். அடிமை முறை ஒழிந்த பிறகும் அந்த மக்கள் அங்கேயே வாரக்குடிகளாக இருந்தார்கள். எஜமானின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அந்த ஊரில் பெரும்பாலோர் பெட்வேக்கள்தான். பண்ணையின் பெயரைச் சொல்லியே நம் ஆட்களை அடையாளம் கேட்கிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பருத்தி விலை விழுந்தது. விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் கொடுத்துவந்த கேம்டன் ஊர் வியாபாரி இறந்துபோனார். 1932இல் அவருடைய வீட்டார் கடனுக்கு ஈடாக எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போனார்கள். மாடு, கோவேறு கழுதை, கலப்பை, கோழி, சேர்த்து வைத்திருந்த தானியம் எதையும் விடவில்லை. செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவில்தான் அந்தக் குளிர்காலம் கழிந்தது. பிறகு மத்திய அரசு நிலத்தை வாங்கி, 1940களில் அந்தக் குடும்பங்களுக்கே தவணையில் விற்றது. 1937இல் ஆர்தர் ராத்ஸ்டீன் என்ற அரசாங்கப் புகைப்படக்காரர் எடுத்த படங்களில் அந்த மண் வீடுகளும் மர வீடுகளும் இருக்கின்றன. காற்று புகாமலிருக்க உள்சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. அந்தச் சுவர்களுக்கு நடுவில் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காப்பாற்றியது போர்வைதான்.

குயில்ட் என்று அவர்கள் சொல்லும் இந்தப் போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி. கீழே மாவுச் சாக்கையோ உரச் சாக்கையோ பிரித்து வெளுத்த அடித்துணி. நடுவில் பஞ்சு. மூன்றையும் சேர்த்துப் போர்வை முழுக்க நூல் ஓட்ட வேண்டும். வருஷம் பூராவும் பருத்தி எடுத்தது இவர்கள்தான். ஆனால் போர்வைக்குள் போனது பருத்தி அரவை மில்லின் தரையில் கூட்டிய கழிவுப் பஞ்சு. அதைக் குச்சியால் அடித்துத் தூசி போக்கி உள்ளே பரப்பினார்கள்.

இந்த வேலையில் மேல்துணியை இணைப்பது தனி ஆளின் வேலை. மடியில் வைத்துத் தைக்கலாம். சட்டி கொதிக்கும் நேரத்தில் நாலு துண்டு, பிள்ளை தூங்கிய பிறகு நாலு துண்டு என்று சேரும். காட்டு வேலை ஓய்ந்த குளிர்காலத்தில்தான் சட்டம் கட்டி, நாலு பெண்கள் சுற்றி உட்கார்ந்து பஞ்சு வைத்துத் தைப்பார்கள். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு. தைத்துக்கொண்டே பாட்டும் ஜெபமும் நடக்கும். அதனால் சட்டத்துக்குக் காத்திருக்கும் மேல்துணி ஒன்றும், பாதி இணைத்தது ஒன்றும், வெறும் துண்டுகளாகச் சேர்ந்தது ஒரு மூட்டையும் ஒரே வீட்டில் இருந்தன. பல போர்வைகளை ஒரே நேரத்தில் வைத்திருந்தது திட்டமும் அல்ல, ஆசையும் அல்ல. முழு நாள் என்ற ஒன்று அவர்களுக்கு இல்லை என்பதுதான் காரணம்.

இப்படி ஒரு வீட்டில் சேர்ந்த போர்வைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, குளிருக்கானது. 1942இல் பிறந்த லொரெட்டா பெட்வே தனக்குத் தையல் பிடிக்கவே பிடிக்காது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குக் குளிர்ந்தது, வேறு போர்வை இல்லை, அதனால் தைத்தார். இதைக் கேட்கும்போது நமக்கு ஒரு தெளிவு வர வேண்டும். உழைக்கும் பெண்களின் கைவேலையைப் பார்த்ததும், உள்ளிருந்து பொங்கிய ஆனந்தம் என்று எழுதிவிடுகிற பழக்கம் நம் எழுத்தாளர்களிடமும் இருக்கிறது. பிடிக்காத வேலையையும் இவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் என்று ஒன்று உண்டு. கந்தையானாலும் துவைத்துக் கட்டு என்று புத்தி சொன்னவர்கள், கந்தை ஏன் சிலருக்கு மட்டும் விதிக்கப்பட்டது என்று கேட்டதில்லை.

இரண்டாவது, மனசுக்கானது. மிசூரி பெட்வே தன் கணவரைப் பறிகொடுத்தார். அவர் உடுத்தி உழைத்த துணிகளைப் பிரித்து 1942இல் ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுத்துக்கொள்வதற்காக அம்மா அதைத் தைத்தாள் என்று மகள் அர்லோன்சியா பெட்வே பின்னாளில் சொன்னார். நீலமும் வெள்ளையுமாக வெளுத்துப்போன அந்தத் துணிகளில் ஒரு மனிதரின் வெயிலும் வியர்வையும் இருக்கிறது. அந்த ஊரின் உழைப்புத் துணிப் போர்வைகள் பலவற்றில் பழைய சட்டைப் பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாகத் தெரியும். வாரக்குடி ஒருவருக்கு யார் சமாதி கட்டினார்கள்? எந்தச் சுவடியில் பெயர் எழுதினார்கள்? மனைவி எழுதினார், துணியில். ஆனால் அதுவும் குளிருக்குப் போர்த்திய போர்வைதான். குளிரையும் துக்கத்தையும் தனித்தனியாக வைத்துத் தைக்க அவர்களுக்குத் துணி போதாது.

மூன்றாவது போர்வைக்கு வருவதற்கு முன் ஓட்டுக்கு வர வேண்டும்.

ஜீஸ் பெண்ட் இருக்கும் வில்காக்ஸ் கவுண்டியில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்கள் ஒருவர்கூட இல்லை. பெயர் பதிய ஆற்றைக் கடந்து கேம்டனுக்குப் போக வேண்டும். மக்கள் போக ஆரம்பித்ததும், 1962இல் அந்தப் படகையே நிறுத்தினார்கள். ஆற்றைக் கடந்தால் கூப்பிடு தூரம் போலிருந்த ஊருக்குச் சாலை வழியே சுமார் 40 மைல் சுற்ற வேண்டியதாயிற்று. பொதுப் பாதையை அடைப்பது எதற்கு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கே வந்து பேசினார். மக்கள் பெயர் பதிந்தார்கள். பதிந்ததற்காகப் பல குடும்பங்கள் குடியிருந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டன. 1968இல் கிங்கின் சவப்பெட்டியை ஏற்றிய வண்டியை இழுத்தவையும் கோவேறு கழுதைகள்தான்.

1965 டிசம்பரில் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கமாகப் போகும்போது கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்தார். ஒன்றுக்கு 10 டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற தையல் கூட்டுறவு உருவானது. எஸ்டெல் விதர்ஸ்பூன் அதைப் பல ஆண்டுகள் நடத்தினார். போர்வை விற்ற பணத்தில் கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கியது. தைப்பதற்குக் கட்டடம் கட்டியதோடு, ஓட்டுக்காக விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனை விற்றது. இந்தச் செய்தியை நாம் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டுத்துணி நிலமானது. பண்ணையாரின் நிலத்தில் நின்றுகொண்டு ஓட்டுரிமை பேச முடியாது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது போர்வை இந்த ஆர்டருக்கானது. பெரிய ஊர்க் கடைக்காரர்கள் ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே நிறம் கேட்டார்கள். வீட்டில் துணி போன போக்கில் கோணலாகத் தைத்த கைகள், கூட்டுறவில் இம்மி பிசகாமல் தைத்துக் கொடுத்தன. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணி. ஒரே உறையைத் திரும்பத் திரும்பத் தைக்க வேண்டும். அதில் கற்பனைக்கு இடமில்லை, ஆனால் கூலி இருந்தது. கறுப்பினப் பெண்ணுக்குக் காட்டு வேலையும் வெள்ளைக்காரர் வீட்டு வேலையும் தவிர வேறு கூலி இல்லாத ஊர் அது. கலை கெட்டுப்போனது என்று தூரத்திலிருந்து வருத்தப்படுகிறவர்கள் அந்தக் கூலியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வெட்டிய துணியில் மிச்சம் விழுந்தது. பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். பொன் நிறமும் ஆரஞ்சும் சிவப்பும் இலைப்பச்சையுமான அந்த மிச்சத்திலிருந்து, கம்பெனி கனவிலும் கேட்காத போர்வைகளைத் தைத்தார்கள். நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் கட்டினால் 'வீட்டுக்கூரை'. நீளப் பட்டைகளை அடுத்தடுத்து வைத்தால் 'சோம்பேறிப் பெண்'. விடியலிலிருந்து இருட்டும் வரை உழைத்தவர்கள் தங்கள் வேலைக்குச் சிரித்துக்கொண்டே வைத்த பெயர் அது! எந்த மாதிரியிலும் அடங்காததை 'என் வழி' என்றார்கள். பகலில் அடுத்தவர் அளவுக்குத் தைத்த அதே துணி, இரவில் தன் வழிக்குத் திரும்பியது. ஒரே வீட்டில் ஆர்டரும் குளிரும் மனசும் ஒன்றாகக் கிடந்தன என்று நான் சொல்வது இதைத்தான்.

2002இல் ஹூஸ்டனிலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தப் போர்வைகள் சுவரில் மாட்டப்பட்டன. விமர்சகர்கள் வியந்தார்கள். நவீன ஓவியர்களின் கோட்டையும் நிறத்தையும் போல இருக்கிறது என்றார்கள். யாரைப் போல யார் இருக்கிறார்கள்? ஓவியக் கூடம் பார்த்திராத பெண்களுக்குப் பெரிய ஓவியரின் பெயரைச் சொல்லித்தான் மரியாதை தர முடிகிறது! 2006இல் பத்துப் போர்வைகள் அமெரிக்கத் தபால்தலைகளாக வந்தன. நிறுத்தப்பட்ட படகு திரும்ப ஓடியதும் அதே 2006இல்தான், 44 ஆண்டுகள் கழித்து. 2007இல் இந்தப் பெண்களில் மூவர், தங்கள் போர்வைகளையும் வடிவங்களையும் வைத்து மற்றவர்கள் சம்பாதித்ததில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் அது சமரசத்தில் முடிந்தது. கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது. 2015இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே மூவருக்கும் நாட்டின் உயரிய மரபுக் கலை விருது கிடைத்தது. தையலே பிடிக்காதவருக்கும் சேர்த்துத்தான்.

புகழ் வந்ததைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பெண்கள் பெயர் சொல்லிக் கேட்டார்கள், பங்கு கேட்டார்கள், வழக்கு மன்றம் வரை போனார்கள். நாம் நம் அம்மாக்களின் பெயரையே இன்னும் எழுதவில்லை. நாட்டார் கலை என்று பட்டியல் போடுகிறோம். பறையை எழுதினோம், கூத்தை எழுதினோம், ஆண்கள் தெருவில் செய்ததையெல்லாம் எழுதினோம். வீட்டுக்குள் பாதி தைத்துக் கிடந்ததை எழுதவில்லை.

எங்கள் அம்மா தைத்த போர்வைகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. கிழிந்து, அடுப்புத் துணியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. போன முறை ஊருக்குப் போனபோது, அப்பா வேட்டியை எந்தப் போர்வையில் வைத்துத் தைத்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "தம்பி பொறந்த வருஷம் தச்சதுல. நடுவுல வச்சேன். ஓரத்துல என் நீலச் சேல" என்றாள். முப்பது வருஷத்துக்கு முந்தின போர்வை, வரிசை தப்பாமல் அவள் நினைவில் இருந்தது. நான் அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதை வாசிக்கிற தோழர்களும் அவரவர் வீட்டில் கேட்டு எழுதுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.