இண்டியானாவில் பிறக்காதவர் பாடிய ஊர்ப்பாட்டு

இன்னிக்கு எபிசோடை ஒரு காட்சியோட ஆரம்பிக்கிறேன்.

2014 மே 25, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வே. 33 ரேஸ் கார்கள் வரிசையா நிக்குது. கூட்டத்தைச் சொல்லணும்னா, இருக்கைகள் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல. இன்னும் சில நிமிஷத்துல என்ஜின்கள் உறுமப்போகுது. அதுக்கு முன்னாடி 83 வயசுப் பெரியவர் ஒருத்தர் மைக் முன்னாடி வந்து நிற்கிறார். பேண்டு வாத்தியம் தொடங்குது. அவர் பாட ஆரம்பித்ததும் கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இதுதான் தன்னுடைய கடைசித் தடவை என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அவர் பெயர் ஜிம் நேபர்ஸ். அவர் ரேஸ் ஓட்டுநர் கிடையாது. ஒரு காமெடி நடிகர்.

நான் இந்த வீடியோவை முதல் தடவை பார்த்தப்போ எனக்கு ஒண்ணுமே புரியல. கார் ரேஸ் பார்க்க வந்தவங்க ஒரு டிவி நகைச்சுவை நடிகருக்காக ஏன் அழறாங்க? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஆளைப் பத்திச் சொல்லிடறேன். ஜிம் நேபர்ஸ் 1930-ல், அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் சிலகாகா என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஆஸ்துமா தொந்தரவு. அதற்காகவே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடிபெயர்ந்தார். அங்கே ஒரு டிவி நிறுவனத்தில் ஃபிலிம் வெட்டி ஒட்டும் வேலை. சாயங்காலம் ஆனால் சாண்டா மோனிகாவில் ஒரு கிளப்பில் மேடை ஏறுவார். பேசும்போது கிராமத்து அப்பாவி மாதிரி, மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுவார். அதே ஆள் பாட ஆரம்பித்தால் ஆப்பரா பாடகர் மாதிரி கனமான குரல் வரும். அந்த முரண்தான் அவருடைய வித்தை.

அந்த கிளப்புக்கு ஒரு நாள் வந்த நடிகர் ஆண்டி கிரிஃபித், அவரைத் தன் டிவி தொடருக்குக் கூப்பிட்டார். கோமர் பைல் என்று ஒரு பாத்திரம். பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் வெள்ளந்தி. மக்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதால், 1964-ல் கோமருக்கென்றே தனித் தொடர் வந்தது. கோமர் கடற்படைக் காலாட்படையில், அதாவது மரீன் படையில் சேருகிறான். கத்திக்கொண்டே இருக்கும் சார்ஜன்ட் கார்ட்டரிடம் மாட்டிக்கொள்கிறான். தொடர் ஐந்து வருடம், 1969 வரை ஓடியது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆனால் ராணுவ முகாமில் நடக்கிற அந்தத் தொடரில் வியட்நாம் பேச்சே கிடையாது. நிஜத்துல சவப்பெட்டிகள் வந்துட்டிருந்த வீடுகளிலேயும் ராத்திரி கோமரைப் பார்த்துச் சிரிச்சாங்க.

பின்னாளில், 2001-ல், நிஜ மரீன் படையே அவருக்குக் கௌரவப் பதவி கொடுத்தது. 2007-லும் 2013-லும் பதவி உயர்வுகூடக் கொடுத்தார்கள். டிவியில் கடைசி வரை தேறாத சிப்பாய், நிஜத்தில் சார்ஜன்ட் ஆகிவிட்டார்!

சரி, ரேஸுக்கு எப்படி வந்தார்?

இண்டியானாபொலிஸ் 500 என்பது 1911-லிருந்து நடக்கிற பந்தயம். இரண்டரை மைல் நீள ஓவல் டிராக், 200 சுற்று, மொத்தம் 500 மைல். நம்ம கணக்கில் 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டாம் உலகப்போரின்போது மைதானம் மூடிக்கிடந்து புல் முளைத்துப்போனது. 1945-ல் டோனி ஹல்மன் என்ற உள்ளூர் வியாபாரி அதை வாங்கிச் சீர் செய்தார். 1946-ல் மறுபடி ரேஸ் நடந்தபோது, ஆப்பரா பாடகர் ஜேம்ஸ் மெல்டன் அங்கே ஒரு பாட்டுப் பாடினார். 1917-ல் வந்த பழைய பாட்டு, இண்டியானாவுக்குத் திரும்பிப் போவதைப் பற்றியது. ஊரை விட்டு எங்கேயோ இருக்கும் ஒருவன் தன் ஊர் ஆற்றையும் நிலவையும் வைக்கோல் வாசத்தையும் நினைத்து ஏங்குகிற பாட்டு. அது அப்படியே வழக்கமாகிவிட்டது.

1972-ல் ஜிம் நேபர்ஸ் அங்கே வெறும் பார்வையாளர். நெவாடாவில் ஹோட்டலும் சூதாட்ட விடுதியும் நடத்திய பில் ஹாராவின் விருந்தாளியாகப் போயிருந்தார். ஹாரா பழைய கார்களைச் சேர்ப்பதில் பெரிய கிறுக்கு. ஹல்மன் இவரைப் பார்த்துவிட்டு, "ஒரு பாட்டுப் பாடுறீங்களா?" என்று கேட்க, இவரும் தலையாட்டிவிட்டார். தேசிய கீதம் பாடச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். பர்டியூ பல்கலைக்கழக பேண்டுக்காரர்கள் பக்கத்தில் போனபிறகுதான் பாட்டு வேறே என்று தெரிந்தது. வரிகள் முழுசாக ஞாபகம் இல்லை. உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார். இதையெல்லாம் அவரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அப்படித் தற்செயலாக ஆரம்பித்தது, 2014 வரை முப்பதுக்கும் மேற்பட்ட தடவை நடந்தது.

அந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்பதையும் கவனிக்கணும். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மெமோரியல் டே விடுமுறையை ஒட்டித்தான் இந்த ரேஸ். அதனால் இறந்த வீரர்களுக்கான எக்காளம் ஊதுவார்கள். அப்புறம் இந்தப் பாட்டு. அந்தக் காலத்தில் பாட்டோடு ஆயிரக்கணக்கான பலூன்கள் வானத்தில் ஏறும். அடுத்தது என்ஜினைக் கிளப்பச் சொல்லும் கட்டளை. அதாவது, அந்தக் கட்டளைக்கு முன்னால் ஓட்டுநர்கள் கடைசியாகக் கேட்கும் பாட்டுக் குரல் இந்தப் பாட்டுக்காரருடையது.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. நேபர்ஸ் முதலில் பாடியதற்கு அடுத்த வருடம், 1973-ல், ரேஸ் தொடங்கிய நொடியே சால்ட் வால்தரின் கார் வேலியில் மோதி, தீப்பிடித்த எரிபொருள் பார்வையாளர்கள் மேல் தெறித்தது. மழையால் தள்ளிப்போய் இரண்டு நாள் கழித்து நடந்தபோது ஸ்வீட் சாவேஜின் கார் வெடித்தது. ஜூலையில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவரைப் பார்க்க ஓடிய குழுவின் இளைஞர் ஒருவர், தீயணைப்பு வண்டி மோதி அதே நாளில் இறந்தார். இப்படிப்பட்ட இடத்தில் "ஊருக்குத் திரும்புறேன்" என்கிற பாட்டு வெறும் அலங்காரமா இருக்க முடியாது, இல்லையா?

இங்கேதான் எனக்கு இந்தக் கதை முக்கியமாகிறது. ஜிம் நேபர்ஸ் இண்டியானாக்காரரே இல்லை. பிறந்தது அலபாமா, வாழ்ந்தது ஹவாய். பிறகு எப்படி அந்த ஊர் ஏக்கம் அவர் குரலில் உண்மையாக இருந்தது?

1975 வாக்கில் ஹவாயில் ஸ்டான் காட்வாலடர் என்ற தீயணைப்பு வீரரைச் சந்தித்தார். அதிலிருந்து இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரியும். ஆனால் வெளியே சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் குடும்பத்தோடு பார்க்கிற டிவி நடிகர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்தால், அவர் தொழில் அன்றோடு போச்சு. 2013 ஜனவரியில், சியாட்டிலில், 82 வயதில்தான் அவர் ஸ்டானைச் சட்டப்படி திருமணம் செய்துகொண்டார். செய்தி ஊரெல்லாம் பரவியது.

அந்த வருடம் மே மாதம் அவர் மறுபடி இண்டியானாபொலிஸில் பாடினார். அடுத்த வருடமும் பாடினார். அந்த இரண்டு மே மாதங்களிலும் அவருடைய திருமணம் இண்டியானா சட்டத்தில் செல்லாது. அந்த மாநிலத்தில் அப்படிப்பட்ட திருமணங்கள் நிலையாக அங்கீகாரம் பெற்றது 2014 அக்டோபரில்தான், அவர் கடைசியாகப் பாடி நாலு மாதத்துக்கு மேல் கழித்து. "என் ஊர் இண்டியானா" என்று அவர் பாடியபோது, அந்த ஊரின் சட்டப் புத்தகத்தில் அவர் குடும்பத்துக்கு இடம் இல்லை. ஆனால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலால் சட்டம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கைதட்டினவங்க எல்லாரும் ஒரே கருத்துக்காரங்களும் இல்லை. ஆனா அந்தப் பாட்டு நேரத்துல அவர் அவங்க வீட்டு ஆள். அதை யாராலும் மறுக்க முடியாது.

அவர் உடம்பும் பல தடவை சோதித்தது. இந்தியாவுக்கு வந்தபோது, சவரக்கத்தியால் சவரம் செய்து முகத்தில் வெட்டுப்பட்டு ஹெபடைடிஸ் பி தொற்றியதாக அவரே சொன்னார். 1994-ல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. அதற்கு உதவியவர் அவருடைய உயிர்த்தோழி, நகைச்சுவை நடிகை கேரல் பர்னெட். 2007-ல் உடம்பு முடியாமல் வர முடியவில்லை. அன்று அவருக்காகக் கூட்டமே சேர்ந்து பாடியது. 2012-ல் பயணம் செய்ய முடியாமல் ஹவாயிலிருந்து வீடியோவில் பாடினார்.

2014-ல் கடைசிப் பாட்டு முடிந்ததும், டோனி ஹல்மனின் மகள் மேரி ஹல்மன் ஜார்ஜ் அவரைத் தன்னோடு நிறுத்திக்கொண்டார். என்ஜினைக் கிளப்பச் சொல்லும் கட்டளையை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அப்பா 1972-ல் கேட்ட உதவிக்கு, மகள் சொன்ன நன்றி மாதிரி எனக்கு அது தெரிந்தது.

2017 நவம்பர் 30-ல், ஹோனலூலுவில், 87 வயதில் ஜிம் நேபர்ஸ் இறந்தார். ஸ்டான் பக்கத்தில் இருந்தார். டிவி ரசிகர்கள் கோமர் பைலுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். ரேஸ் ரசிகர்கள் நினைத்துக்கொண்டது வேறு. தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்த பலூன்கள். ரேடியோவில் அப்பாவோடு கேட்ட பாட்டு. போன வருடம் பக்கத்து இருக்கையில் இருந்து இந்த வருடம் இல்லாமல் போனவர்கள். யார் ஜெயித்தார் என்பது பலருக்கு மறந்துபோகும். யார் பாடினார் என்பது மறக்காது.

இப்போது ஜிம் கார்னலிசன் என்பவர் அந்தப் பாட்டைப் பாடுகிறார், நன்றாகவே பாடுகிறார். வழக்கம் தொடர்கிறது. 1972-ல் உள்ளங்கையில் எழுதிய வரிகளோடு ஒருவர் நின்ற இடம் அது.

முதலில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: ஒரு ஊர்ப்பாட்டை வருஷா வருஷம் வந்து பாடறவர், ஒரு கட்டத்துல அந்த ஊர்க்காரராவே ஆயிடறார். பிறந்த சான்றிதழை யாரும் கேக்கறதில்லை.

உங்க ஊர்த் திருவிழாவுலயும் இப்படி வெளியூர்லேர்ந்து வந்து ஊர்க்காரரா ஆன ஒருத்தர் இருப்பார். அவரைப் பத்தி எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.