தெளிவுக்காக வந்த கருவிகள்: பல் சிகிச்சையில் நீர், பார்வை, ஏரோசால் (1864–2021)

பல் மருத்துவரின் வேலைக்களம் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள் நாக்கு குறுக்கே வரும், கன்னம் மறைக்கும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப்பல்லின் உட்புறத்தை நேராகப் பார்க்க வழியில்லை. சிறு வட்டக் கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்தபடிதான் கை நகர வேண்டும். அந்தக் கண்ணாடியில் நீர் தெறித்துவிட்டால் வேலை நின்றுபோகும். அதே நீர் இன்னும் நுண்ணிய துளிகளாக உடைந்து மருத்துவரின் முகத்தையும் அறையின் காற்றையும் சேர்கிறது. பார்வை கெடுவதும் காற்று கெடுவதும் ஒரே நீரால்தான்.

காற்றில் மிதக்கும் இந்த நுண்துளிகளை, அதாவது ஏரோசாலை, தடுப்பவை என்று இன்று நாம் பட்டியலிடும் கருவிகளில் முக்கியமானவை, ரப்பர் டேமும் உயர்திறன் உறிஞ்சு குழாயும். இரண்டுமே காற்றைக் காக்க உருவானவை அல்ல. பல்லை உலர்வாக வைக்கவும் தெளிவாகப் பார்க்கவும் வந்தவை. அவை காற்றையும் சுத்தமாக வைக்கின்றன என்பது பிறகுதான் அளந்து பார்க்கப்பட்டது. இந்தத் தோற்ற வரலாற்றைத் தொடர்ந்து சென்றால்தான், ஏரோசால் மிகுதியாகக் கிளம்பும் சிகிச்சையான கிளீனிங்கில் இந்தக் கருவிகள் ஏன் கைகொடுக்கவில்லை என்பது விளங்கும். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கத்துக்காக வந்த ரப்பர்

1855-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ராபர்ட் ஆர்தர், தங்கத் தகட்டைச் சூடேற்றிக் குழியில் வைத்து அழுத்தினால் தகடு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று காட்டினார். குழியடைப்பில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் சிறிது ஈரம் பட்டாலும் தங்கம் ஒட்டாது. நெடுநேரம் தட்டித் தட்டி நிரப்ப வேண்டிய வேலை, எச்சில் ஊறும் வாய்க்குள் நடந்தது. துணியையும் பஞ்சையும் திணித்துச் சமாளித்தார்கள். கீழ்க் கடைவாயில் அதுவும் பலிக்கவில்லை.

1864 மார்ச் 15 அன்று நியூயார்க் மாநிலத்துப் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் கிறிஸ்டி பார்னம் மெல்லிய ரப்பர் தாளில் துளையிட்டு, அதன் வழியே பல்லை மட்டும் வெளியே எடுத்தார். எச்சில் தாளுக்குக் கீழே தங்கிவிட்டது. அதை அவர் காப்புரிமைக்குள் அடைக்காமல் தொழிலுக்கே கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அது சிறிய செயல் அல்ல. அதே ரப்பரால் பல்செட் செய்ய உரிமம் பெற்றிருந்த குட்இயர் டென்டல் வல்கனைட் நிறுவனம் மருத்துவர்கள் மேல் வழக்கு மேல் வழக்காகப் போட்டது. அதை முன்னின்று நடத்திய ஜோசையா பேக்கன் 1879-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே பொருள் ஒருபுறம் பகையை வளர்த்த காலத்தில், பார்னம் மறுபுறம் அதை இலவசமாக்கினார். 1882-இல் துளையிடும் கருவியும், டெலோஸ் பால்மரின் வெவ்வேறு பற்களுக்கான பிடிப்பான்களும் சேர, ரப்பர் டேம் ஏறத்தாழ இன்றைய வடிவை அடைந்தது.

அன்று காற்றில் பறக்க நீரே இல்லை. ஜேம்ஸ் மாரிசன் 1871-இல் காப்புரிமை பெற்ற, காலால் மிதிக்கும் துளையிடு எந்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2,000 சுற்று அளவில்தான் ஓடியது. பல்லின் பொடி உலர்ந்தே உதிர்ந்தது.

வேகம் கொண்டுவந்த நீர்

நிலைமையைப் புரட்டியது 1950கள். நியூசிலாந்தில் ஜான் வால்ஷ் 1949-இல் கையில் பிடித்துத் துளையிடும் கருவியான ஹேண்ட்பீஸைக் காற்றால் சுழலச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயக் கழகத்தில் ராபர்ட் நெல்சன் 1953-இல் நீரால் சுழலும் டர்பைனை உருவாக்கினார். ஜான் போர்டனின் ஏரோட்டர் 1957-இல் சந்தைக்கு வந்தது. அதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் சுற்று. இன்றும் நம் மருத்துவர்கள் அந்தப் பெயராலேயே கருவியைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்த வேகத்தில் உராயும் பல் சூடாகும். உள்ளே இருக்கும் பற்கூழ் உயிருள்ள திசு. சாக், கோஹன் இருவரும் 1965-இல் குரங்குகளின் பற்களில் செய்த ஆய்வு, பற்கூழின் வெப்பம் 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தாலே சுமார் 15 சதவீதப் பற்களில் கூழ் மீளாமல் அழிவதைக் காட்டியது. நீர் இல்லாமல் அதிவேகம் இல்லை என்பது உறுதியானது. ஹேண்ட்பீஸின் முனையில் காற்றும் நீரும் கலந்து பீய்ச்சும் அமைப்பு நிலைபெற்றது. சுழலும் துளையிடு முனையான பர் அந்த நீரை மேலும் விசிறி எறிந்தது. காற்று உடைத்த துளியைப் பர் மறுபடியும் உடைத்தது.

கண்ணாடியின் கதி அடைமழையில் வைப்பர் ஓடாத பஸ்ஸின் முன்கண்ணாடி போலானது. அதற்கு விடை கண்டவர்களில் யூட்டாவைச் சேர்ந்த எல்பர்ட் தாம்சன் முக்கியமானவர். நீரைத் தவிர்க்காமல், களத்தை நீரால் கழுவிக்கொண்டே, கழுவிய நீரை உடனுக்குடன் அகன்ற குழாயால் பெருவேகக் காற்றோடு இழுத்தெடுக்கும் முறையை அவர் பரப்பினார். 1958-இல் முழுவதும் சாயும் நாற்காலி வந்தது. நோயாளி படுத்தார், மருத்துவர் உட்கார்ந்தார். படுத்தவரின் தொண்டைக்குள் நீர் வழியக் கூடாது என்பதால் உறிஞ்சு குழாய் கட்டாயமானது. அதைப் பிடிக்க எதிர்ப்புறம் ஓர் உதவியாளர் அமர்ந்தார். நான்கு கைப் பல் மருத்துவம் இப்படித்தான் அமைந்தது. அதன் நியாயங்களாகச் சொல்லப்பட்டவை மூன்று: வேகம், முதுகுவலிக் குறைவு, தெளிவான பார்வை.

இதே காலத்தில் வேறொரு கருவி தனி வழியில் போனது. குழியெடுக்கப் பரிசோதிக்கப்பட்ட மீயொலிக் கருவியை 1955-இல் சின்னர் பற்காரை நீக்கப் பயன்படுத்திப் பார்த்தார். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் கேவிட்ரான் என்ற பெயரில் ஸ்கேலர் விற்பனைக்கு வந்தது. நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் உலோக முனைக்கும் குளிர்விக்க நீர் வேண்டும். அந்த முனையில் நீர் பட்டதும் புகைபோல் எழும். ஆனால் ஸ்கேலிங், அதாவது கிளீனிங், பெரும்பாலும் ஒருவர் தனியாகச் செய்யும் வேலையாகவே நின்றுவிட்டது. ஒரு கையில் ஸ்கேலர், மறு கையில் கண்ணாடி. உறிஞ்சு குழாயைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. உதட்டோரம் கொக்கிபோல் தொங்கும் சலைவா எஜெக்டரே அங்கே எஞ்சியது. அது தேங்கிய நீரைத்தான் எடுக்கும், எழும் தூவானத்தைப் பிடிக்காது. நோயாளி அதைச் சுற்றி உதட்டை மூடினால் குழாயிலிருந்து பின்னோட்டம் நேரலாம் என்றுகூட அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் எச்சரித்திருக்கிறது. ரப்பர் டேமும் இங்கே உதவாது. ஈறோரத்தைத் திறந்து வைத்துச் செய்யும் வேலைக்கு ஈறை மூடும் தாளை எப்படிப் போடுவது? குழியடைக்கும் பக்கம் நான்கு கைகள் பெற்றது, கிளீனிங் பக்கம் இரண்டோடு நின்றது. இந்தப் பிளவுதான் அடுத்த அறுபது ஆண்டுச் சிக்கலின் வேர் என்பது என் கணிப்பு.

காற்றை அளந்தவர்கள்

அதிவேக டர்பைன் காற்றை மாசுபடுத்துகிறது என்று 1961-லேயே பிரிட்டனில் கசான்ட்சிஸ் எழுதினார். மிசிக்கும் உடனாய்வாளர்களும் 1969 முதல் வெளியிட்ட ஆய்வுகளே இத்துறைக்குச் சொற்களையும் அளவுகோலையும் தந்தன. 50 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளி தெறிப்பு, அது எறிந்த கல்போல் சென்று விழும். அதற்குக் குறைந்தது ஏரோசால், அது மிதக்கும்.  இன்று ஏரோசால் ஆய்வாளர்கள் இந்த எல்லையை அப்படியே ஏற்பதில்லை. என்றாலும் பல் மருத்துவ நூல்களில் அது நிலைத்துவிட்டது.

1980களில் எச்.ஐ.வி. அச்சம் வந்தபோது கவனம் ரத்தத்தின் மேல் குவிந்தது. கையுறை, ஊசி, ஹேண்ட்பீஸை ஆட்டோகிளேவில் இட்டுக் கிருமி நீக்குதல் ஆகியவை விதிகளாயின. தேவையான விதிகள்தாம். ஆனால் காற்று பற்றிய பேச்சு பின்னுக்குப் போனது. அப்போதும் அளந்துகொண்டிருந்த சிலரில் ஒருவர் இலங்கையின் பேராதனையில் பயின்ற லக்ஷ்மன் சமரநாயக்க. 1989-இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, ரப்பர் டேம் இட்டால் வேலைக்களத்தைச் சுற்றிச் சுமார் 3 அடி வட்டத்தில் காற்றின் கிருமிகள் 70 சதவீதம் அளவு குறைவதைக் காட்டியது. பார்னம் துளையிட்டு 125 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹாரெல், மோலினாரி இருவரும் 2004-இல் எழுதிய தொகுப்புக் கட்டுரை தாம்சனின் குழாய்க்கு அதே சேவையைச் செய்தது. 8 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வாய் அகன்ற உறிஞ்சு குழாயை வேலைமுனைக்கு அருகில் பிடித்தால் மாசு 90 சதவீதத்துக்கு மேல் குறையும் என்றது. நிபந்தனை "அருகில் பிடித்தால்" என்பது. யார் பிடிப்பது என்ற பழைய கேள்வி அப்படியே இருந்தது.

மூன்றாவது கையைத் தேடி

கேள்விக்கு விடையாக ஒட்டுக் கருவிகள் வந்தன. உறிஞ்சு குழாயின் நுனியில் கண்ணாடி பதித்தவை, நாக்கை ஒதுக்கிக்கொண்டே உறிஞ்சுபவை, கண்ணாடியையே வேகமாகச் சுழற்றித் துளிகளை எறிந்துவிடுபவை. கண்ணாடி பதித்த குழாயின் யோசனை எனக்குப் பிடிக்கும். உறிஞ்சும் காற்று கண்ணாடியின் முகத்தைத் தடவிக்கொண்டு போனால் மூச்சுப் பனியும் துளியும் தங்காது, தூவானமும் எழுந்த இடத்திலேயே பிடிபடும். பார்வையையும் காற்றையும் ஒரே கையில் சேர்க்கும் வழி அது. ஆனால் குழாயின் கனமும் அதன் பின்னால் இழுபடும் ஹோஸும் மணிக்கட்டை வாட்டும். நல்ல பிம்பத்துக்காகக் கண்ணாடியைச் சற்று விலக்கிப் பிடித்தால் உறிஞ்சும் வாய் முனையை விட்டு அகன்றுவிடும்.

2000களில் பரவிய ஐசோலைட் வகைக் கருவி கையையே விடுவித்தது. கடிக்கட்டை, நாக்குத் தடுப்பு, விளக்கு, உறிஞ்சு துளைகள் எல்லாம் ஒரே மென்துண்டில் வாய்க்குள் பொருந்தின. பார்ப்பதற்கு நல்ல வசதி. ஆனால் 2015-இல் ஹாலமனும் உடனாய்வாளர்களும் ஸ்கேலிங்கின்போது அதைச் சலைவா எஜெக்டரோடு ஒப்பிட்டபோது, ஏரோசால் குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. களம் தெளிவாகத் தெரிவதாலேயே காற்றும் சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. வாயில் தேங்கும் நீரை அகற்றுவது ஒரு வேலை, முனையிலிருந்து எழும் தூவானத்தைப் பிடிப்பது வேறு வேலை.

பார்வைத் தேவை இதனிடையே பெருகிக்கொண்டே போனது. ஹார்வி அபோதெக்கர் 1978-இல் பல் சிகிச்சைக்கு நுண்ணோக்கியை முன்வைத்தார். 1998 முதல் அமெரிக்காவில் ரூட் கெனால் சிறப்புப் படிப்புகளுக்கு அதில் பயிற்சி கட்டாயம். பல மடங்கு பெருக்கிப் பார்ப்பவருக்குக் கண்ணாடியில் ஒரே துளி விழுந்தாலும் போதும், களமே மறைந்துவிடும்.

2020-உம் அதன் பின்னும்

கோவிட் பரவலால் 2020 மார்ச் 25 முதல் இங்கிலாந்தில் வழக்கமான பல் சிகிச்சைகள் நின்றன. ஜூன் 8 அன்று திறந்தபோது, ஏரோசால் எழும் சிகிச்சைக்குப் பின் அறையை 60 நிமிடம் காலியாக விட வேண்டும் என்ற நடைமுறை வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் அவசரமற்ற பல் சிகிச்சையைத் தள்ளிப்போடும்படி ஆகஸ்டில் அறிவுறுத்தியது. ஜப்பானில் முன்பே புழக்கத்திலிருந்த, வாய்க்கு வெளியே யானைத் துதிக்கையாக வளைந்து நிற்கும் உறிஞ்சி நம் ஊர்க் கிளினிக்குகளிலும் முளைத்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சங்கடமான உண்மையைச் சொன்னது. தகுதியான 16 ஆய்வுகள், மொத்தம் 425 பேர். எல்லாமே தட்டில் வளர்ந்த பாக்டீரியாவை எண்ணியவை. யாருக்காவது நோய் தொற்றியதா என்று ஒன்றுகூட அளக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மீதில், பூர்ணிமா குமார் முதலியோர் 28 நோயாளிகளின் சிகிச்சையில் படிந்த துளிகளின் நுண்ணுயிர் எங்கிருந்து வந்தது என்று மரபணு வழியே தேடினார்கள். சுமார் 78 சதவீதம் கருவியின் நீரிலிருந்தே வந்தது. எச்சிலின் பங்கு மிகச் சிறியது. 19 பேரின் எச்சிலில் கோவிட் வைரஸ் சிறிதளவு இருந்தும், ஏரோசாலில் அது தட்டுப்படவில்லை. ஆறுதலான முடிவு. ஆனால் அது நம் கவனத்தை நீர்க்குழாய்க்குத் திருப்ப வேண்டும். அந்த மெல்லிய குழாய்களின் உட்சுவரில் கிருமிப் படலம் வளரும். 2011-இல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லெஜியோனெல்லா தொற்றால் இறந்தார். கிருமி அவர் சென்ற கிளினிக்கின் நீர்க்குழாயில் இருந்ததோடு பொருந்தியது. தூவானத்தைப் பிடிக்கக் கவலைப்படும் கிளினிக், தூவானமாகும் நீரையும் முறையாகச் சோதிக்க வேண்டும்.

உறிஞ்சும் கருவியை மாற்றாமல் நீரையும் வேகத்தையும் மாற்றிப் பார்த்த இரு முயற்சிகளை நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். லண்டனின் இம்பீரியல், கிங்ஸ் கல்லூரிகளின் ஆய்வாளர்கள் மின்மோட்டார் ஹேண்ட்பீஸை நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்குக் கீழே, காற்றைக் கலக்காமல் நீரை மட்டும் விட்டு ஓட்டினால் துளிகள் பெருமளவு குறைவதைக் கண்டார்கள். பிரிட்டனின் வழிகாட்டுதல்களும் 60,000 சுற்றுக்கு மேற்படாத மின் ஹேண்ட்பீஸைக் குறைந்த இடர் வகையில் வைத்தன. இதில் கண்ணாடிக்கும் லாபம், தெறிப்பே குறைகிறது. விலையாகக் கொடுப்பது நேரம், கருவியின் கனம், பணம்.

மற்றது சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் யாரின் குழு 2020-இல் செய்தது. நீரில் பாலிஅக்ரிலிக் அமிலம் போன்ற பாலிமரைச் சிறிது கலந்தார்கள். நீர் இழையாக நீண்டு அறுபடும் கணத்தில் பாலிமர்ச் சங்கிலிகள் இழுவிசையை எதிர்க்கின்றன. இழை துளியாக உடையாமல் சுருங்கித் திரும்புகிறது. ஏரோட்டரிலும் ஸ்கேலரிலும் தூவானமே எழாமல் அடங்கியதை அவர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். ஸ்கேலிங் செய்யும் தனிமனிதருக்கு மூன்றாவது கை தேவைப்படாத முதல் வழி இது. குறுகிய குழாய்களில் நாள்முழுதும் நிற்கும் பாலிமர் நீர் அந்தக் கிருமிப் படலத்தை என்ன செய்யும், ஈறோரத்தைப் பார்ப்பவரின் கண்ணாடியில் அது எப்படிப் படியும் என்பவை ஆய்வகத்தில் விடை காணக்கூடிய கேள்விகள். அந்தச் சோதனை உதவியாளர் இல்லாமல், ஒருவரே ஸ்கேலரும் கண்ணாடியும் பிடித்து, ஒரே அமர்வில் கண்ணாடியின் தெளிவையும் காற்றின் துளிகளையும் சேர்த்து அளப்பதாக இருக்க வேண்டும்.