இரண்டு அங்குலக் கறுப்புத் துணி
1965 டிசம்பரில் அமெரிக்காவின் டெ மொயின் நகரில், வியட்நாம் போரில் மாண்டோருக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிவந்த மாணவர்களைப் பள்ளிகள் வீட்டுக்கு அனுப்பின. பட்டையின் அகலம் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. ஒழுங்குதான் கவலை என்றால், தேர்தல் பேட்ஜுகளையும் நாஜிகளை நினைவூட்டும் இரும்புச் சிலுவையையும் அதே பள்ளிகள் ஏன் கண்டுகொள்ளவில்லை? இது வழக்காகி, 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என மாணவர் பக்கம் நின்றபோது இந்தப் பாரபட்சத்தையும் சுட்டியது. நீதிபதி ஹியூகோ பிளாக் ஒப்பவில்லை; ஒரு கணக்கு வகுப்பே பட்டையால் கெட்டது என்றார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்ற பழைய அச்சம்தான், புறந்தள்ளக்கூடியதும் அல்ல. ஆனால் பாடம் பெரிதும் குலைந்தால் பள்ளி தடுக்கலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பே வரம்பு கட்டியிருந்தது. பொறுப்பை அது மாணவர் தலையில் மட்டும் வைக்கவில்லை. தடை போடுமுன் காரணம் காட்டும் கடமையைப் பள்ளிக்கும் கொடுத்தது.