சிவப்புக் கோட்டின் மேல் எழுதிய பெயர்கள்



மேல்முறையீடு என்றதும், "இவர் குற்றவாளியா, நிரபராதியா?" என மறுபடியும் விசாரிப்பது என்றே பலரும் எண்ணுகின்றோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நிகழ்ந்த ஸ்காட்ஸ்பரோ வழக்கை வாசித்தால் அவ்வெண்ணம் மாறும்.

1931 மார்ச்சு மாதம், சரக்கு இரயிலில் பயணம் செய்த கறுப்பின இளைஞர்கள் ஒன்பது பேர், வெள்ளையினப் பெண்கள் இருவரைக் கற்பழித்ததாகக் கைது செய்யப்பட்டனர். ஜாக்சன் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றம் நான்கே நாள்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களுள் ஒருவர் வயது குறைந்தவர் என மாநில உச்ச நீதிமன்றம் விலக்கியது. எஞ்சிய எழுவரின் தண்டனையை 1932 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரத்து செய்தது. உயிர் போகும் வழக்கில் அவர்களுக்கு முறையான வழக்கறிஞர் துணை கிட்டவில்லை என்பதே காரணம்.

மறுவிசாரணை மோர்கன் கவுண்டியில் நடந்தது. புகார் கூறிய பெண்களுள் ஒருவரே 1933-இல் சாட்சிக் கூண்டேறி, அப்படியொன்றும் நிகழவில்லை என்றார். ஜூரியினர் அசையவில்லை, மீண்டும் மரண தண்டனை. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அத்தீர்ப்பைத் தாமே தள்ளுபடி செய்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பதவியை இழந்தார். வேறொரு நீதிபதியின்கீழ் கிளாரன்ஸ் நோரிசுக்கு மறுபடியும் மரண தண்டனை கிடைத்தது.

நோரிசின் மேல்முறையீட்டில்தான் அந்தப் பதிவேடு வருகிறது. (மலேசியாவில் 1995-இல் ஜூரி முறை நீக்கப்பட்டதால் இளைய பெற்றோருக்கு ஒரு விளக்கம்: குடிமக்கள் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவோரே ஜூரி.) ஜாக்சன் கவுண்டியில் 21 வயதைக் கடந்த ஆண்கள் 8,801 பேர், அவர்களுள் கறுப்பினத்தவர் 666 பேர். எவர் நினைவிலும் ஒரு கறுப்பினத்தவர்கூட அங்கு ஜூரியாக அமர்ந்ததில்லை. ஆனால், அரசுத் தரப்பு காட்டிய பட்டியலில் ஆறு கறுப்பினத்தவர் பெயர்கள் இருந்தன!

பட்டியல் முடிந்ததைக் காட்டச் சிவப்புக் கோடுகள் போடப்பட்டிருந்தன. அப்பெயர்கள் அக்கோடுகளின் மேலேயே எழுதப்பட்டிருந்தன. அதாவது, பின்னர் நுழைக்கப்பட்டவை. வருகைப் பதிவேட்டை நாள்தோறும் கையாளும் நமக்கு இது உடனே புரியும். வழக்கறிஞர் சாமுவேல் லீபோவிட்ஸ் அப்பதிவேட்டை வாஷிங்டனுக்கே கொண்டு சென்றார். நீதிபதிகள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தனர். 1935 ஏப்ரல் 1-ஆம் நாள் தண்டனை இரத்தானது.

நோரிஸ் அன்றே வீடு திரும்பினாரா? இல்லை. 1937-இல் மீண்டும் மரண தண்டனை. 1938-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அலபாமா அவருக்கு மன்னிப்பு வழங்கிய ஆண்டு 1976.